குடத்தில் இருப்பதில் எதைச் சிக்கனம் செய்வது?

ஒவ்வொரு ஆண்டும் வெயில் ஏற ஆரம்பித்ததும் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய சுவரொட்டிகள் முளைத்துவிடும். கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் துண்டறிக்கைக் கட்டோடு சேரிக்கு வருவார்கள். 2019 ஜூன் மாதம் நாங்களும் அப்படித்தான் போனோம். சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டுக் களப்பணிக்கு வந்தவர்கள் சிலர், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தம்பி தங்கைகள் சிலர். மறைமலைநகரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் வீடு வீடாகப் போய் "வறட்சிக் காலத்தில் தண்ணீரைக் குறைவாகப் பயன்படுத்துவோம்" என்று சொல்வதுதான் திட்டம். போன இடத்தில் எங்களுக்கு நேர்ந்த வெட்கத்தையும், அதன்பிறகு கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம். அடுத்த கோடையில் நீங்களும் இப்படி ஒரு துண்டறிக்கையைக் கையில் எடுக்கக்கூடும். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

காலனியின் மூன்றாவது வீட்டு வாசலில் ஒரு அக்கா குடங்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். துண்டறிக்கையை நீட்டினோம். அவருக்கு நன்றாகவே படிக்கத் தெரியும். முழுவதையும் நின்று படித்தார். வாகனங்களைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றாதீர்கள். ஷவரில் குளிப்பதைத் தவிர்த்து வாளியில் குளியுங்கள். குழாயில் மின்மோட்டார் வைத்து உறிஞ்சினால் இணைப்பு துண்டிக்கப்படும். படித்து முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"சார், எங்களாண்ட வண்டி இல்ல, தோட்டம் இல்ல, ஷவரும் இல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி வருது. வந்தா ஆறு கொடம். அதுல எதைக் கொறைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே பதில் எதிர்பார்த்துக் கேட்டது போலத்தான் இருந்தது. எங்களிடம் பதில் இல்லை. பிளாஸ்டிக் குடம் ஒன்று ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும். ஆறு குடம் என்றால் 90 லிட்டர். வீட்டில் ஐந்து பேர், இரண்டு நாளைக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 9 லிட்டர். குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க, மாதவிடாய் நாட்களில் துணி அலச, எல்லாவற்றுக்கும் அதே 9 லிட்டர்தான். துண்டறிக்கையின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மீதித் துண்டறிக்கைகளை யாருக்கும் கொடுக்காமல் திரும்பிவிட்டோம்.

அந்த ஆண்டு நாடே தண்ணீரைப் பற்றித்தான் பேசியது. 2018 வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. சென்னைக் குடிநீர் வாரியம் நாளொன்றுக்கு 83 கோடி லிட்டராக இருந்த விநியோகத்தை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்த மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்ததும் உலகச் செய்தியாயின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தபோது அதற்கு மாலை போட்டார்கள்.

எங்கள் காலனிக்கு எந்த கேமராவும் வரவில்லை. மறைமலைநகர் 1980களில் சென்னையின் நெருக்கடியைக் குறைக்க உருவாக்கப்பட்ட துணைநகரம். மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். தொழிற்பேட்டை, கார்த் தொழிற்சாலை, ரயில் நிலையம், நெடுஞ்சாலை என்று வளர்ந்தது. நகரத்துக்குத் தண்ணீர் பாலாற்றுப் படுகையில் போட்ட கிணறுகளிலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். அந்தத் தண்ணீர் சென்னையின் தென்பகுதிக்குப் போகிறது. ஆறும் நம் மாவட்டத்தில், கடலும் நம் மாவட்டத்தில். ஆனால் காலனித் தெருவில் அடிபம்பை அடித்தால் காற்றுதான் வந்தது.

அந்த அக்கா தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்தார். "அங்க கொழாயத் தொறந்தா கொட்டுது சார். கக்கூஸு கழுவறதுக்கு நான் ஊத்துற தண்ணி எங்க வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு வரும். ரெண்டு பாட்டில்ல புடிச்சி பையில வெச்சேன். கேட்ல பையத் தொறந்து பார்த்துட்டு கீழ ஊத்தச் சொல்லிட்டான்." அதைச் சொல்லும்போது சிரித்தார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

சரி, கட்டுப்பாடு எல்லாருக்கும் பொதுவானதுதானே, வறட்சி எல்லாருக்கும் வந்ததுதானே என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். வகுப்பறையில் 'வளப் பற்றாக்குறை' என்று படித்தது அதுதான். அது காகிதத்தில் பொது. குழாயில் எப்படி என்று பார்க்க, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மேல்நிலைத் தொட்டியின் அடியில் மூன்று நாள் உட்கார்ந்தோம்.

ஒரே தொட்டி. அதிலிருந்து இரண்டு லைன் பிரிகிறது. ஒன்று ஊருக்கு, ஒன்று காலனிக்கு. நடுவில் இரண்டு வால்வு. வால்வைத் திருப்பும் சாவி தொட்டி ஆபரேட்டரிடம். ஊர் வால்வு காலை ஐந்தரைக்குத் திறந்தது. ஒன்றரை மணி நேரம் ஓடியது. பிறகு காலனி வால்வு. இருபது நிமிடம் கழித்துத் தொட்டி காலி. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் காலனிக்கு முறையே இல்லை. ஆபரேட்டரிடம் கேட்டோம். "பிரஷர் இல்ல சார், நான் இன்னா பண்ண?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காலனி மேட்டில் இருக்கிறது. லைன் கடைசியாகப் போட்டது, குழாயும் சின்னது. ஊர் முதலில் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் மேடேற வேண்டும். யாரும் தனியாக உட்கார்ந்து சதி செய்யவில்லை. குழாய் போட்ட நாளிலேயே சாதி அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அது கண்ணுக்குத் தெரியாது. வறட்சி வந்தால் மட்டும் எழுந்து உட்காரும்.

மோட்டார் தடையும் அப்படித்தான். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் வராது. தடை நியாயமானதுதான். ஒருநாள் சோதனைக்கு வந்தார்கள். காலனியில் ஒரு வீட்டில் அரை குதிரைத்திறன் மோட்டார் இருந்தது. பிடுங்கிக்கொண்டு போனார்கள், அபராதமும் போட்டார்கள். ஊர்த் தெருவுக்குள் எந்த வீட்டின் பின்பக்கமும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காலனி வீட்டின் குழாய் வாசலில் இருக்கிறது, ஊர் வீட்டின் குழாய் மதிலுக்குள் இருக்கிறது. சட்டத்துக்கு வாசல் வரைதான் பார்வை போயிற்று.

அப்போது இதையெல்லாம் போய்க் கேட்க ஊராட்சித் தலைவர் என்று ஒருவரும் இல்லை. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பு. புதிதாகப் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் வந்தது. இடையில் ஐந்து ஆண்டு. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிகளும் வார்டுகளும் அந்த ஐந்து ஆண்டும் காலியாகக் கிடந்தன. மாநிலம் கண்ட மிக மோசமான வறட்சிகள் இரண்டு அந்த இடைவெளியில்தான் வந்தன. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சரி, குழாய்த் தண்ணீர் இல்லை. நிலத்தடித் தண்ணீர்? இங்கேதான் விஷயம் ஆழமாகப் போகிறது.

காலனிக்கு அரை கிலோமீட்டரில் ஒரு விவசாயக் கிணறு. இரவு பகலாக டேங்கர் லாரிகள் அங்கே நிரப்பிக்கொண்டு போயின. கிணற்றுக்குச் சொந்தக்காரர் பயிர் வைக்கவில்லை. தண்ணீர்தான் அந்த ஆண்டு அவருடைய விளைச்சல். காலனியில் பத்துப் பதினைந்து பேர் ஒருநாள் லாரியை மறித்தார்கள். "என் நெலம், என் கெணறு" என்றார் அவர். சட்டப்படி அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தின் அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்குத் தருகிறது. சென்னையையும் அதைச் சுற்றிப் பட்டியலிட்ட கிராமங்களையும் கட்டுப்படுத்த 1987இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுவதற்குமாக 2003இல் கொண்டுவந்த சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. ஆக, நிலம் யாருடையதோ தண்ணீர் அவருடையது. நிலம் இல்லாதவருக்குப் பொதுக்குழாய் மட்டும்தான். கட்டுப்பாடு விழுவதோ முதலில் பொதுக்குழாயின் மேல்.

நிலம் ஏன் இல்லை என்று கேட்டால், அதற்கான பதிலும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி 1891இல் ஓர் அறிக்கை எழுதினார். அதன் விளைவுதான் 1892இன் பஞ்சமி நில அரசாணை. மாகாணம் முழுதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. தலித் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காரணைப் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அதை நிலத்துக்கான போராட்டம் என்றுதான் நாம் பேசுகிறோம். 2019 கோடையில் அந்த டேங்கர் லாரிக்கு முன்னால் நின்றபோதுதான், அது தண்ணீருக்கான போராட்டமாகவும் இருந்திருக்கிறது என்பது எங்களுக்கு உறைத்தது. நிலம் கைவிட்டுப் போனபோது அதன் அடியில் இருந்த ஊற்றும் சேர்ந்துதான் போயிருக்கிறது.

லாரி மறியல் நடந்த அன்று மாலை, காலனியின் வேப்பமரத்தடியில் எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருடைய அப்பா ஏரியின் கம்புக்கட்டி. சில பகுதிகளில் நீர்க்கட்டி என்றும் நீராணிக்கர் என்றும் சொல்வார்கள். ஏரிகளின் மாவட்டமான செங்கல்பட்டில் கரையைக் காத்ததும், மடையைத் திறந்து மூடியதும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைத்துப் பாய்ச்சியதும் பெரும்பாலும் நம் மக்கள். ஏரி நிரம்பிய ஆண்டில் அந்த வேலை எளிது. பாதி ஏரிதான் என்றால் ஒவ்வொரு வயலுக்கும் நேரம் கணக்குப் பண்ண வேண்டும்.

"கொம்பு நட்டு நெழலு பார்த்து உடுவாரு எங்கப்பா. பெரிய கையி, சின்ன கையின்னு பார்க்க மாட்டாரு. இவ்ளோ நெலம்னா இவ்ளோ நேரம். ஏன் எங்கப்பனாண்ட உட்டாங்க தெரியுமா? அவனுக்குச் சொந்தமா ஒரு காணி கெடையாது. அதனால யாருக்கும் சாய மாட்டான்னு நம்பிக்க." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஆனா ஊர்க் கெணத்துல அவரு வாளி உட முடியாதுப்பா. யாராச்சும் மேல நின்னு ஊத்தணும். இவரு கீழ நின்னு கையேந்திக் குடிக்கணும்."

இதைப் பழம்பெருமையாக நாங்கள் எழுதவில்லை. நிலமில்லாமல் வைத்ததால் கிடைத்த பொறுப்பு அது. களத்தில் அளந்து போடும் நெல்தான் கூலி. ஆனாலும் அந்தப் பேச்சு எங்கள் தலையில் இருந்த ஒன்றைத் திருப்பிப் போட்டது. தண்ணீர்க் கட்டுப்பாடு என்பது நமக்கு எதிரான ஒன்று என்று அதுவரை கோபத்தோடு இருந்தோம். வறட்சியில் கட்டுப்பாடு தேவைதான். பஞ்சத்தில் பங்கிடும் வேலையை இந்த ஊருக்குத் தலைமுறை தலைமுறையாகச் செய்து கொடுத்தவர்களே நாம்தான். கேட்க வேண்டியது வேறு. எவ்வளவு, எவ்வளவு நேரம், யார் கையில் சாவி? இந்த மூன்றும் எல்லார் கண்ணுக்கும் தெரிய இருந்தால் அதற்குப் பெயர் முறை. தெரியாமல் இருந்தால், "சிக்கனம்" என்ற நல்ல சொல்லுக்குப் பின்னால் யாரோ ஒருவர் அதிகமாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

எங்கள் முதல் மனு தோற்றது. அதை நாங்கள்தான் எழுதினோம், சமூகவியல் படித்த கையால். பாகுபாடு, விளிம்புநிலை, கட்டமைப்பு வன்முறை என்று இரண்டு பக்கம். "விசாரிக்கப்பட்டது. நீர் அழுத்தக் குறைபாடு" என்று ஒரு வரியில் பதில் வந்தது.

இரண்டாவது மனுவைக் காலனியில் கல்லூரிக்குப் போகும் இரண்டு தங்கைகள் எழுதினார்கள். நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு 21 நாள் குறித்தார்கள். எத்தனை மணிக்கு ஊர் வால்வு திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது, காலனிக்கு எத்தனை நிமிடம், எந்த வீட்டுக்கு எத்தனை குடம். காலைத் தண்ணீருக்காக அவர்கள் விட்ட முதல் வகுப்புகள் எத்தனை என்பதும் ஓரத்தில் இருந்தது. அதன் நகலோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் பெண்கள் காலிக் குடங்களோடு போனார்கள். நீர்நிலையையோ குழாயையோ பயன்படுத்த விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படியும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம் என்பதை மனுவில் ஒரே வரியில் சேர்த்திருந்தோம். அலுவலர் அந்த வரியை விடவும் நோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். எண்ணுக்கு "பிரஷர் இல்லை" என்று பதில் சொல்ல முடியாது.

ஒரு வாரத்தில் தொட்டியின் சுவரில் நேர அட்டவணை எழுதினார்கள். ஒருநாள் காலனிக்கு முதல் முறை, மறுநாள் ஊருக்கு முதல் முறை, இருவருக்கும் ஒரே நேர அளவு. ஆறு குடம் பதினாலு குடமானது. அவ்வளவுதான் எங்கள் வெற்றி. அதற்கும் விலை இருந்தது. நோட்டு எழுதிய ஒரு தங்கையின் அம்மாவை ஊர்க்காரர் வீட்டு வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் இரண்டு மாத அரிசியை நாங்கள் பங்கு போட்டு வாங்கிக் கொடுத்தோம். அவர் இழந்த வேலைக்கு அது ஈடாகாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு மழை வந்தது. தொட்டிச் சுவர் அட்டவணையின் மேல் அடுத்த பொங்கலுக்கு யாரோ வெள்ளையடித்துவிட்டார்கள்.

வெள்ளையடிப்பது இந்த நாட்டில் புதிதல்ல. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று சென்னைச் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி அரசாணை ஆனது 1924இல். இந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் அப்போது அந்த அவையில் உறுப்பினராக இருந்தார். அதே 1924இல் மராட்டியத்தின் மகாத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு போய் அந்தக் குளத்து நீரை அள்ளிக் குடித்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. அதற்கும் அடியும் உதையும் பட்டார்கள். குளத்தைச் சாணத்தாலும் கோமியத்தாலும் 'சுத்தம்' செய்தார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அரசாணைக்கு அப்போது வயது 98.

அரசின் சொந்த அளவுகோலையும் பாருங்கள். பாதாளச் சாக்கடை உள்ள நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமவாசிக்கு 55 லிட்டர். அதற்கு முன் 40. சென்னைக்குத் தண்ணீர் குறைந்தபோது அது நெருக்கடி, ரயில் விட்டார்கள். கிராமத்துக்கு மழை கொட்டும் ஆண்டிலும் அதைவிடக் குறைவுதான் இலக்கு, அதற்குப் பெயர் திட்டம். அந்த இலக்கும் ஊர்த்தெருவைத் தாண்டிக் காலனிக்கு வந்து சேரும்போது 9 லிட்டராகிறது.

எனவே தோழர்களே, வறட்சி வரும்போது சேரிக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கப் போகாதீர்கள். ஒரு குடத்தில் அரிசி களைந்து, அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவி, அதையே முருங்கைக்கு ஊற்றும் பெண்களிடம் சொல்லிக்கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை. நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். உங்கள் ஊர்த் தொட்டியில் எத்தனை வால்வு, எந்த வால்வு முதலில் திறக்கிறது, எத்தனை நிமிடம், கடைசி வீட்டுக்கு எத்தனை குடம் என்று குறியுங்கள். கோடையில் மட்டும் போதாது. மழைக்காலத்திலேயே ஆரம்பியுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். நோட்டைக் காலனியின் பிள்ளைகளே எழுதட்டும், நீங்கள் உடன் இருங்கள். எழுதுபவரின் குடும்பத்துக்கு என்ன நெருக்கடி வரும் என்பதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் பேசவில்லை. அதுதான் நாங்கள் செய்த பெரிய தவறு. கிராம சபையில் அந்த எண்களை வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெள்ளையடிக்கலாம், நகலுக்கு முடியாது.

நோட்டு எழுதிய தங்கைகளில் ஒருவர் இப்போது சட்டம் படிக்கிறார். அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. போன முறை பார்த்தபோது, அந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டோம். "நல்லா இருக்காங்கண்ணா. இப்ப பத்து கொடம் வருதாம்" என்றார். பதினாலு எப்போது பத்தானது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் புது நோட்டு ஒன்று வாங்கியிருக்கிறார்.

ஜெய் பீம்.